ஏணி சாய்த்த இடம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று செய்த தவறு: ஏணியின் கடைசிப் படிக்கு ஏறாமல், அதற்கு முந்தைய படியில் நின்றே விரிசல்மானியைப் படித்தேன்.

மாலைப் பாறையேற்ற வகுப்பில் மாஸ்டர் எங்கள் எல்லாரையும் தினம் நோட்டு எழுதச் சொல்லியிருக்கிறார். முதல் வரி அன்று செய்த தவறாக இருக்க வேண்டும். "சாதனையெல்லாம் வீட்ல அம்மாகிட்ட சொல்லிக்குங்க, எனக்குத் தப்பு மட்டும் போதும்" என்பார். படிப்பதில்லை, பக்கம் நிறைந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பதோடு சரி. மற்றவர்கள் கால் வழுக்கியது, கயிற்றுமுடிச்சு தவறியது என்று எழுதுகிறார்கள். பழைய கிடங்கில் நாங்கள் ஏறிப் பழகும் சுவரில் நான் செய்கிற தவறுகளை எழுத இந்த நோட்டு போதாது. அதனால் வேலையில் செய்வதை எழுதுகிறேன்.

வேலை என்றால் அளவை அலுவலகத்தில் உதவியாளர். செவ்வாய்க்கிழமை காலையில் ஊசிக்காதுக்குப் போய் விரிசலை அளந்து வருவது என் பொறுப்பு. பஸ்ஸின் கடைசி நிறுத்தத்துக்கு அப்பால் தனியாக நிற்கும் மணற்கல் வளைவுக்கு ஊரில் அந்தப் பெயர். நடுவே ஓட்டை, இரண்டு பக்கமும் கால். பஸ் டிக்கெட்டிலும் நகராட்சி முத்திரையிலும் ரொட்டிக்கடைப் பையிலும் அதன் படம் உண்டு. இடது காலில் ஒரு விரிசல் ஓடுகிறது. விரிசலின் இரு கரையிலும் ஒட்டிய இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். அடித்தகட்டில் மில்லிமீட்டர் கட்டங்கள், மேல்தகட்டில் சிவப்புக் குறுக்குக்கோடு. விரிசல் திறந்தால் கோடு நகரும். இதுதான் விரிசல்மானி. கண்ணை நேராக வைத்துப் படிக்க வேண்டும். கீழிருந்து சாய்வாகப் பார்த்தால் நகராத கோடும் நகர்ந்ததுபோலத் தெரியும். வேலையில் சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

தெரிந்தும் ஏன் கடைசிப் படிக்கு ஏறவில்லை என்றால், கீழே என் தங்கை நின்றிருந்தாள்.

ஆண்டுக்கு ஒரு முறை, ஈரமில்லாத காலத்தில், ஒரே ஒரு குழு ஊசிக்காதில் ஏற நகராட்சி அனுமதி தரும். போன ஆண்டைவிட விரிசல் 0.3 மில்லிமீட்டருக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. இந்த ஆண்டு அனுமதி எங்கள் வகுப்புக்குக் கிடைத்தது. யாரும் ஏறாத மேற்குப் பக்கத்தில், வருகிற ஞாயிறு. குழுவில் முதல் ஆளாக ஏறப்போவது யார் என்று மாஸ்டர் போன மாதம் சொன்னார். என் தங்கை.

நான் இந்த வகுப்பில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அவள் சேர்ந்து எட்டு மாதம். சேர்ந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, வீட்டுச்சாவி கொடுக்க வந்தாள். நான் உடை மாற்றிவிட்டு வருவதற்குள் என் ஷூவை மாட்டிக்கொண்டு, ஒரு அளவு பெரிய ஷூவில், நான்கு மாதமாக நான் முடிக்க முடியாமல் இருந்த, மஞ்சள் பிடிகள் பதித்த பாதையில் உச்சி வரை போய்விட்டாள். இறங்கி வந்து என்னைக் கேட்டாள்: "இதுதானா?"

அன்றிலிருந்து வகுப்பில் அவள் பெயர் பல்லி. என் பெயர் ஸ்கேல்.

இன்று காலை பாதையைப் பார்த்து வைக்க மாஸ்டரும் அவளும் பைனாகுலரோடு வந்திருந்தார்கள். நான் ஏணியில் இருந்தேன். "அந்த இடத்துல எல்லாரும் கையை நீட்டுவாங்க. நீ இடுப்பைத் திருப்புவ பாரு" என்று மாஸ்டர் சொல்வதும் அவள் சிரிப்பதும் காதில் விழுந்தது. என்னிடம் அவர் ஒருநாளும் என் இடுப்பு என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொன்னதில்லை. இன்னும் ஒரு படி ஏறினால் சிரிப்பு இன்னும் தெளிவாகக் கேட்கும் என்று தோன்றியது. நின்ற இடத்திலேயே படித்து, படம் எடுத்து, இறங்கிவிட்டேன்.

அளவு 2.5. போன வாரமும் போன ஆண்டும் 2.0.

நாளை: அளவைத் தாளை மேடத்திடம் கொடுக்க வேண்டும்.

மார்ச் 4, புதன்

இன்று செய்த தவறு: சந்தோஷப்பட்டேன்.

பொறியாளர் மேடம் தாளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "அரை மில்லிமீட்டரா. ஒரே வாரத்துல?"

"ஆமா மேடம்."

"சரியாப் பார்த்தியா?"

"பார்த்தேன் மேடம்."

பார்த்தேன் என்பது பொய் இல்லை. சரியாக என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

அவர் அப்போதே நகராட்சிக்கு போன் செய்து ஞாயிற்றுக்கிழமை ஏற்றத்தை நிறுத்திவைத்தார். வெள்ளிக்கிழமை மதியம் ரத்துக் கடிதம் போய்விடும். நான் என் மேசைக்குத் திரும்பி, பென்சில்களை நீளவாரியாக அடுக்கினேன். தாகத்தில் குடித்த தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்குவது தெரியுமே, அப்படி ஒன்று இறங்கியது.

நான் வீட்டுக்குப் போவதற்குள் மாஸ்டர் சொல்லி அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே அறை, அடுக்குக் கட்டில். அவள் மேல் கட்டிலில், நான் கீழ்க் கட்டிலில். அங்கேயும் அவள்தான் மேலே. அவளுடைய ஏறும் ஷூ இரண்டும் ஆளுக்கொரு மூலையில் கிடந்தன.

அம்மா கதவில் நின்று எனக்கு ஜாடை காட்டினாள், ஏதாவது சொல்லு என்று. சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"அது லட்சம் வருஷமா நிக்கிற கல்லு. நம்ம விளையாட்டுச் சாமான் இல்ல. நாலு நிமிஷப் பெருமைக்காக அது மேல ஏறிக் குதிக்கிறது நியாயமே இல்ல. உண்மையில பார்த்தா யாருமே ஏறக் கூடாது."

மேல் கட்டிலிலிருந்து தலை மட்டும் எட்டிப் பார்த்தது. அழுத கண். ஆனால் குரல் நிதானமாக இருந்தது.

"போன வருஷம் நீதானே அக்கா அனுமதிக்கு மனு எழுதின?"

"அப்போ எனக்குத் தெரியாது."

"போன மாசம் வரைக்கும் தெரியாதா? மாஸ்டர் உன் பேரைச் சொல்லியிருந்தா இப்பக்கூடத் தெரிஞ்சிருக்காது. என் பேரைச் சொன்னதும் கல்லு மேல பாசம் பொத்துக்கிட்டு வருது."

தலை உள்ளே போய்விட்டது. நான் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்து காய் நறுக்கினேன். எல்லாத் துண்டும் ஒரே அளவில் வந்தன. எரிச்சலாக இருக்கும்போது எனக்கு அப்படித்தான் வரும்.

அவள் சொன்னது சரியா என்று யோசித்துப் பார்த்தேன். கல் பாவம் என்று நான் சொன்னது உண்மை. அந்த உண்மை எனக்கு எப்போது கிடைத்தது என்று பார்த்தால்தான் நாற்றம் அடிக்கிறது.

நாளை: போன வாரப் படத்தையும் இந்த வாரப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

இன்று செய்த தவறு: தெரிந்ததை உடனே சொல்லவில்லை.

காலை ஒன்பதரைக்கே படங்களைத் திறந்தேன். போன வாரப் படத்தில் மேல்தகட்டின் முகம் மட்டும் தெரிகிறது. இந்த வாரப் படத்தில் அதன் கீழ் ஓரம், தகட்டின் தடிமன், பச்சைக் கோடாகத் தெரிகிறது. கீழிருந்து சாய்வாகப் பார்த்தால் மட்டுமே அது தெரியும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் ஏறிக் கடைசி நிறுத்தத்துக்குப் போனேன். காவலர் அறையிலிருந்து ஏணியை எடுத்து, வழக்கமான இடத்தில் சாய்த்து, கடைசிப் படிவரை ஏறி, மூக்கு தகட்டில் படுகிற மாதிரி நேராகப் பார்த்தேன். 2.0. மூன்று தடவை இறங்கி மூன்று தடவை ஏறினேன். 2.0, 2.0, 2.0. கல் நகரவே இல்லை. நான்தான் ஒரு படி கீழே நின்றிருக்கிறேன்.

ஏணியிலேயே உட்கார்ந்தேன். கணக்கு எளிது. வாயைத் திறக்காவிட்டால் நாளை மதியம் கடிதம் போகும். கல்லில் யாரும் ஏற மாட்டார்கள், கல்லுக்கு நல்லது. பல்லியும் ஏற மாட்டாள். யாருக்கும் காயமில்லை. அளவை அடுத்த வாரம் 'திரும்பிவிட்டது' என்று எழுதிக்கொள்ளலாம், வெயிலுக்கு விரிசல் சுருங்குவது உண்டு. எந்தப் பக்கம் புரட்டினாலும் எனக்கு வசதியாகவே இருந்தது. அந்த வசதிதான் உறுத்தியது. எனக்கு வசதியான நியாயத்தை நான் மூன்று தடவை ஏறி அளந்து பார்ப்பேனா?

நேரமாகிவிட்டது என்று இறங்கி ஏணியைத் தூக்கினேன். அப்போதுதான் பார்த்தேன். பார்த்தேன் என்று எழுதுவது சரியில்லை, இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஏணியின் மேல்முனைகள் இரண்டும் கல்லில் படுகிற இடத்தில் இரண்டு குழிகள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே இரண்டு தேய்ந்த தடங்கள் இருந்ததாக ஞாபகம். இப்போது அலுமினிய முனை, அளவெடுத்துத் தைத்த உறைக்குள் போவது போல உட்காருகிறது. ஏணி ஆடாமல் அசையாமல் நிற்கிறதே, இடம் பழகிவிட்டதே என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன். வாரா வாரம், நூறு வாரத்துக்கு மேல், அதே குழியில் அதே முனையைச் சாய்த்து ஏறி, இந்தக் கல் பத்திரமாக இருக்கிறதா என்று அளந்திருக்கிறேன்.

இரும்பு ஸ்கேலை விட்டுப் பார்த்தேன். இடது குழி 11 மில்லிமீட்டர். வலது 9. ஸ்கேலை எடுத்தபோது சர்க்கரை மாதிரி மணல் உதிர்ந்து என் கைக்கடிகாரத்தின் மேல் விழுந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பினேன். மேடம் அறையில் இருந்தார், கதவும் திறந்திருந்தது. நான் இரண்டு தடவை அந்தப் பக்கமாகப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். சொல்லவில்லை.

மாலை வகுப்பு. பல்லி என்னோடு பேசவில்லை. ஞாயிறு போய்விட்டது என்று தெரிந்தும் மேற்குப் பக்கத்துக்காக மாஸ்டர் சுவரில் பொருத்திய பிடிகளில் ஏறிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் மாஸ்டர் சொன்னபடியே இடுப்பைத் திருப்பினாள். பக்கத்தில் நின்ற பையன்கள் மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அதுதான் தாங்கவில்லை. மோசமாக ஏறுகிறவளாக இருந்திருந்தால் மதியமே மேடத்திடம் போய்ச் சொல்லியிருப்பேன்.

நாளை: காலை ஒன்பது மணிக்கு, கடிதம் போவதற்கு முன்னால், மேடத்திடம் 2.0 என்று சொல்ல வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

இன்று செய்த தவறு: மன்னிப்புக் கேட்கும்போதுகூட என் அறிக்கை எத்தனை பக்கம் என்று சொன்னேன்.

ஒன்பது மணிக்குப் படங்களையும் புது அளவையும் மேடத்தின் மேசையில் வைத்தேன். அவர் இரண்டு படத்தையும் பார்த்தார். பச்சை ஓரத்தை அவருக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

"நேத்து மதியமே போய்ப் பார்த்திருக்க. சாயங்காலம் வரைக்கும் நான் இங்கதான் உட்கார்ந்திருந்தேன்."

"யோசிச்சுட்டிருந்தேன் மேடம்."

"ரெண்டு புள்ளி பூஜ்யத்துல யோசிக்க என்ன இருக்கு?"

 ஏறப்போகிறவள் என் தங்கை என்று சொன்னேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அவருக்கும் ஒரு அக்காவோ தங்கையோ இருக்க வேண்டும்.

குழிகளைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தேன். அளவு, படம், எத்தனை வாரம், எத்தனை கிலோ எடை, எல்லாம். அவர் முழுக்கப் படித்தார்.

"இந்த ஏணி விஷயத்துல நானும் உனக்குச் சளைச்சவ இல்ல. ரெண்டு தடவை நானே ஏறியிருக்கேன். நல்லா நிக்குதேம்மான்னு உன்னைப் பாராட்டிட்டு வேற வந்தேன்." காகிதத்தைத் தட்டி அடுக்கினார். "இனிமே ஏணி வேண்டாம். தூரத்துல முக்காலி நிறுத்தி, அது மேல தொலைநோக்கிய மாட்டிப் படிக்கலாம். ஆனா ஞாயித்துக்கிழமையை இதை வச்சு நிறுத்த முடியாது. விதியில விரிசலுக்கு இடம் இருக்கு, குழிக்கு இல்ல. விதியை மாத்தச் சொல்லி எழுதுறேன், அது வர ஆறு மாசம் ஆகும். இப்போதைக்கு விரிசல் நகரல, அனுமதி உண்டு. வேண்டாம்னு அவங்களாச் சொன்னாத்தான் உண்டு."

மாலை வீட்டில் பல்லியிடம் சொன்னேன். அவள் மேல் கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து விரலில் டேப் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வேணும்னே தப்பாப் படிச்சியா?"

"படிச்சது வேணும்னு இல்ல. தெரிஞ்சும் சொல்லாம இருந்தது வேணும்னுதான்."

"எவ்வளவு நேரம்?"

"நேத்து காலையிலேர்ந்து இன்னைக்குக் காலை வரைக்கும். மன்னிச்சுக்க. குழியைப் பத்தி நாலு பக்கம் அறிக்கையும் எழுதிக் கொடுத்திருக்கேன்."

"உன் அறிக்கையை யார் கேட்டா." டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். "என்னைப் பார்த்து உனக்கு வயித்தெரிச்சல். அப்படித்தானே?"

"ஆமா."

அவள் இல்லை என்ற பதிலுக்குத் தயாராக இருந்திருக்க வேண்டும். சுற்றிய டேப்பைப் பிரித்து மறுபடி சுற்றினாள். அடுப்படியிலிருந்து அம்மா, "சாப்பிட்டுட்டு எரிஞ்சுக்கக் கூடாதா, சோறு ஆறிப்போகுது" என்றாள்.

சாப்பிடும்போது குழிகளின் படத்தைக் காட்டினேன். அவள் தட்டுக்கு மேலே பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"நூறு தடவை ஏறிக் குழி போட்டது நீ. ஒரு தடவை ஏறப்போற என்னைப் பார்த்துக் கல்லு பாவம்னு சொன்னதும் நீ."

"ஆமா."

"எல்லாத்துக்கும் ஆமான்னா நான் எப்படிச் சண்டை போடுறது?"

 அவள் ஒரு தடவை, நான் நூறு தடவை. கணக்கில் அவள்தான் ஜெயிக்கிறாள். ஆனால் என் முதல் தடவையும் ஒரு தடவையாகத்தான் இருந்திருக்கும். இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். பொறாமை பேசுகிறதா நான் பேசுகிறேனா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியாததால் சோற்றைப் பிசைந்தேன்.

நாளை: கடைசியாகப் பாதையைப் பார்க்க மாஸ்டரும் பல்லியும் ஊசிக்காதுக்குப் போகிறார்கள். ஏணி இல்லாமல் கூடப் போக வேண்டும். கேட்டால் ஒழிய வாயைத் திறக்கக் கூடாது.

மார்ச் 7, சனி

இன்று செய்த தவறு: ஒரு நல்ல காரியத்தைக் கண்முன்னால் பார்த்தும், அதை நான் செய்யவில்லையே என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன்.

காலை ஏழு மணிக்குப் போனோம். குழிகள் தலைக்கு மேலே இருந்தன. மாஸ்டர் பல்லியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். கல்லில் சாயாமல் தள்ளி நின்றார், அதைக் கவனித்தேன். அவள் இடது குழிக்குள் சுண்டுவிரலை விட்டாள். நகம் முழுக்க உள்ளே போனது. விரலை எடுத்ததும் மணல் மாஸ்டரின் மொட்டைத் தலையில் கொட்டியது.

"கல்லு உதிருதா, என் மண்டை உதிருதா?" என்றார் மாஸ்டர்.

பல்லி சிரிக்கவில்லை. இறங்கி மேற்குப் பக்கத்துக்குப் போனாள். நாங்கள் பின்னாலேயே போனோம். அவள் பாதையின் முதல் பிடி மார்பு உயரத்தில் இருக்கிறது, கல்லிலிருந்து நீட்டிய ஒரு சிறு உதடு, இரண்டு விரல் அகலம். எட்டு மாதமாக அவள் இதை நினைத்துத்தான் கிடங்குச் சுவரில் தொங்கியிருக்கிறாள். அதன்மேல் விரல்களை வைத்தாள். எடை போடவில்லை, வைத்தாள், அவ்வளவுதான். பிறகு கையைத் திருப்பிப் பார்த்தாள். சுண்ணப்பொடி பூசாத விரல்நுனிகளில் பழுப்பாகப் பொடி ஒட்டியிருந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி பார்த்தாள்.

 அவள் ஏறக் கூடாது என்று நினைத்தேனா, ஏறிவிடுவாள் என்று நினைத்தேனா, இரண்டும் சேர்ந்தே இருந்தன.

"வேணாம் மாஸ்டர்" என்றாள்.

"பயமா?"

"இல்ல. நான் ஏறிடுவேன். எனக்கு அப்புறம் இங்க பிடி இருக்காது. அடுத்தவன் கை வைக்க ஒண்ணும் மிச்சம் வைக்காம உடைச்சு எடுத்துட்டுப் போறதுக்குப் பேரு ஏறுறது இல்ல."

அவ்வளவுதான். நான்கு வரி. நான் நான்கு பக்கத்தில், மூன்று படத்தோடு, கிலோக்கணக்கோடு எழுதியும் என்னால் வந்துசேர முடியாத இடத்துக்கு அவள் இரண்டு விரலால் போய்விட்டாள். அங்கேயும் என் ஷூவைப் போட்டுக்கொண்டு.

மாஸ்டர் பைனாகுலரை உறையில் போட்டு மூடினார். எட்டு மாதம் அவருக்கும் போயிருக்கிறது. பிறகு அவள் தலையில் கைவைத்து, "ஏறத் தெரிஞ்சவங்க எவ்வளவோ பேரைப் பார்த்திருக்கேன். இறங்கத் தெரிஞ்சவ நீதான்" என்றார். இதை வகுப்பில் எல்லாருக்கும் சொல்வார். வருடக்கணக்கில் சொல்வார். அளவைத் திருத்தியவளைப் பற்றி யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை. அளவைச் சரியாக எழுதுவது என் வேலை, அதற்கு எதற்குப் பாராட்டு என்றும் தெரிகிறது. தெரிந்தும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டு நிறுத்தம் போனபின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் முழங்கையால் இடித்தாள்.

"இப்போ எதுக்கு மூஞ்சி?"

"ஒண்ணுமில்ல."

"அக்கா, நான் ஏறினாலும் எரியுது, ஏறலேன்னாலும் எரியுதுன்னா உன்னோட எப்படித்தான் காலந்தள்ளுறது?"

முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் அடக்கவில்லை. சிரித்து முடித்ததும் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கண்ணைத் துடைத்தது சிரிப்பினால் அல்ல என்று எனக்குத் தெரிந்தது. எட்டு மாதம். என்னால் ஒரு நாளைக்கூட விட்டுக்கொடுக்க முடியாமல் இருந்தது. அதற்காகவும் கொஞ்சம் எரிந்தது. ஆனால் இந்தத் தடவை அவள் அழுவது எனக்கு இனிக்கவில்லை. இதை மட்டும் கூட்டாமல் குறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மேடத்துக்குப் போனில் சொன்னேன், குழு விலகிக்கொண்டது என்று. ஞாயிறு காலி. அவர், செவ்வாய்க்குள் முக்காலிக்கு இடம் பார்த்துவிடு என்றார்.

நாளை: ஊசிக்காதுக்கு முன்னால் முக்காலி நிறுத்த மூன்று இடங்கள் பார்த்து, ஒவ்வொன்றிலிருந்தும் கல்லுக்கு எவ்வளவு தூரம் என்று நாடாவால் அளந்து குறிக்க வேண்டும். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். காலையில் பல்லி எழுந்ததும் வருகிறாயா என்று கேட்க வேண்டும்.